கிறிஸ்மஸ் கேக்கும் ஒரு கரண்டி ரம்மும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் காலத்தில், நம் இல்லங்கள் பலவற்றில் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கண்ணாடி ஜாடி இடம் பெறுகிறது. கிஸ்மிஸ், கறுப்புத் திராட்சை, பேரீச்சம்பழம், சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல், இஞ்சி ஆகியவை பொடியாக நறுக்கப்பெற்று, ரம்மிலோ பிராந்தியிலோ ஊறிக்கொண்டிருக்கும். நவம்பர் மாதம் பிறந்ததும் ஊறவைத்துவிடும் குடும்பங்களும் உண்டு. மது என்ற சொல்லையே வாசற்படிக்கு வெளியே நிறுத்தும் தாய்மார்களும் இந்த ஜாடியைப் பற்றி மனக்கலக்கம் கொள்வதில்லை. ‘அடுப்பில் வைத்தால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும்’ என்பதே அவர்கள் கூறும் சமாதானம்.

இச்சமாதானம் எவ்வளவு தூரம் உண்மை? ஆவியாகாமல் எஞ்சுவது எவ்வளவு? எஞ்சுவது சிறிதளவே என்றால், அதைப் பற்றி ஒரு குடும்பம் கவலைப்பட வேண்டுமா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகிழ்ச்சியில் குற்றம் காண்பதற்காக இதை எழுதவில்லை. நம் மேசையில் அமர்வோர் அனைவருக்கும் அம்மகிழ்ச்சி குறைவின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

எங்கிருந்து வந்த வழக்கம்?

விழாக்கால உணவில் மதுவைச் சேர்ப்பது மேலை நாடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இங்கிலாந்தில் இறைச்சி, உலர்ந்த திராட்சை, ரொட்டித்தூள், ஒயின், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய ஒருவகைக் கஞ்சியே காலப்போக்கில் கெட்டிப்பட்டு, இறைச்சி நீங்கி, கிறிஸ்மஸ் புட்டிங் ஆயிற்று. உலர்ந்த திராட்சையைப் ‘பிளம்’ என்று அழைப்பது பழைய ஆங்கில வழக்கு. பிளம் பழமே சேராத கேக்கிற்குப் பிளம் கேக் என்ற பெயர் வந்த காரணம் இதுவே. திருவருகைக் காலத்திற்கு முந்திய ஞாயிறன்று புட்டிங்கைக் கலக்கி வைத்து, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒருமுறை கிண்டுவது ஆங்கிலக் குடும்பங்களின் மரபு. விழா நாளில் சூடான பிராந்தியை அதன்மேல் ஊற்றி, தீயிட்டு, நீலச் சுடருடன் மேசைக்குக் கொண்டுவருவர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கிறிஸ்மஸ் கதையில், ஏழைக் குடும்பம் ஒன்றின் மேசைக்கும் இவ்வாறு எரியும் புட்டிங் வருவதைக் காணலாம்.

பிரான்சு நாட்டில் சேவல் இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் சிவப்பு ஒயினில் நெடுநேரம் வேகவைப்பர். போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த மதேய்ரா தீவில், ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த பன்றி இறைச்சியே கிறிஸ்மஸ் விருந்தின் சிறப்பு உணவாகும். இதே உணவு போர்த்துக்கீசியருடன் கோவாவுக்கு வந்தபோது ஒயினுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளிலிருந்து எடுத்த காடி அதில் சேர்ந்தது, மிளகாயும் கூடியது. இன்று நாம் விந்தாலு என்று அழைப்பது இதைத்தான்.

கேக்கின் பயணமும் சுவையானதே. கேரளத்தின் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பவர் ஒரு ரொட்டிக்கூடம் நடத்திவந்தார். 1883-இல் அஞ்சரக்கண்டித் தோட்டத்தின் ஆங்கிலேய உரிமையாளர், தாம் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கை அவரிடம் காட்டி, அதைப் போலவே ஒன்று செய்து தருமாறு கேட்டதாகவும், அருகிலிருந்த பிரெஞ்சு மாகியிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னதாகவும், பாபு அதற்குப் பதிலாக உள்ளூர் மதுவையே சேர்த்துச் செய்து பாராட்டுப் பெற்றதாகவும் அப்பகுதியில் வழிவழியாகக் கூறுவர். இலங்கையிலோ ரவை, முந்திரிப்பருப்பு, பாகில் இட்ட நீற்றுப்பூசணி, பன்னீர், பிராந்தி ஆகியவை சேர்ந்த கிறிஸ்மஸ் கேக் தனிச் சுவையுடன் விளங்குகிறது. இவ்வாறு கடல் கடந்து வந்த வழக்கம், இன்று தமிழகத்துக் கிறிஸ்தவ இல்லங்களில் ஆப்பத்திற்கும் ஆட்டுக்கறிக்கும் அதிரசத்திற்கும் அருகில் வந்து அமர்ந்துவிட்டது.

மது செய்யும் வேலை என்ன?

சமையலில் மதுவைச் சேர்ப்பது வெறும் ஆடம்பரத்திற்காக அன்று. பண்டங்களின் மணங்களுள் சில நீரில் கரையும். சில கொழுப்பில் கரையும். ஆல்கஹால் இவ்விரு வகையினவற்றோடும் கலக்கக்கூடியது. எனவே கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் மணத்தைக் கவர்ந்து, எளிதில் ஆவியாகும் தன்மையால் அதை நம் நாசிக்குக் கொண்டு சேர்க்கிறது. உலர்ந்த பழங்கள் அதில் ஊறி மென்மையடைகின்றன. பூஞ்சையும் நொதியும் அதில் வளர இயலாமையால், பழங்கள் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கின்றன. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது பெரும் உதவியாயிற்று. எனினும் சர்க்கரை மிகுந்த உலர்பழங்கள் தம்மளவிலேயே நெடுநாள் இருக்கக்கூடியவை என்பதையும் மறந்துவிடலாகாது. ரம் இல்லையேல் கேக் இல்லை என்று கூறுவதற்கு இடமில்லை.

எல்லாம் ஆவியாகிவிடுகிறதா?

தூய ஆல்கஹால் ஏறத்தாழ 78 பாகை வெப்பத்தில் கொதிக்கிறது. நீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஆகவே நீர் கொதிப்பதற்கு முன்பே ஆல்கஹால் முழுவதும் பறந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். தனித்தனியே இரு பாத்திரங்களில் வைத்தால் அக்கருத்துப் பொருந்தும். ஒன்றோடொன்று கலந்துவிட்ட பின் நிலைமை வேறு. நீரும் ஆல்கஹாலும் சேர்ந்தே ஆவியாகின்றன; ஆல்கஹாலின் பங்கு முதலில் மிகுதியாக வெளியேறும்; அது குறையக் குறைய, எஞ்சியது வெளியேறும் வேகமும் குறைந்துகொண்டே வரும். ஆகவே ‘இதோ, முழுவதும் போய்விட்டது’ என்று சொல்லத்தக்க ஒரு கணம் அடுப்பின்மேல் வருவதே இல்லை.

இதனை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 1992-ஆம் ஆண்டு அமெரிக்க உணவியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. ஒயினும் பிராந்தியும் பிற மதுவகைகளும் சேர்த்து ஆறு வகை உணவுகளைச் சமைத்து, ஒவ்வொன்றிலும் எஞ்சிய ஆல்கஹாலை ஆய்வாளர்கள் அளந்தனர். சேர்த்ததில் 4 சதவீதம் முதல் 85 சதவீதம் வரை உணவில் தங்கியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டுள்ள அட்டவணை நம் இல்லத்தலைவியர் அறிந்திருக்க வேண்டியது.

கொதிக்கும் குழம்பில் மதுவை ஊற்றி உடனே இறக்கிவிட்டால், 85 சதவீதம் தங்குகிறது. மேலே ஊற்றித் தீயிட்டு எரித்தால், 75 சதவீதம் தங்குகிறது. சூடு காட்டாமல் ஓர் இரவு வைத்திருந்தால், 70 சதவீதம் தங்குகிறது. உணவோடு கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதமும், அரைமணி நேரத்தில் 35 சதவீதமும், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதமும், ஒன்றரை மணி நேரத்தில் 20 சதவீதமும், இரண்டு மணி நேரத்தில் 10 சதவீதமும், இரண்டரை மணி நேரத்தில் 5 சதவீதமும் எஞ்சுகின்றன. அகன்ற பாத்திரத்தில் விரைவாகவும் குறுகிய பாத்திரத்தில் மெதுவாகவும் ஆவியாகும்; மூடி வைத்துச் சமைத்தால் இன்னும் மெதுவாகும்.

இவற்றுள் வியப்பளிப்பது தீயிட்டு எரிக்கும் முறையே. நீலச் சுடர் எழுவதைக் காண்போர், மது முழுவதும் எரிந்து போயிற்று என்றே எண்ணுவர். மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி செறிவாக இருக்கும்வரைதான் சுடர் நிற்கும். செறிவு குறைந்ததும் அணைந்துவிடும். சுடர் அணைந்தபின் தட்டில் கிடப்பது ஊற்றியதில் முக்கால் பங்கு ஆல்கஹால் ஆகும்.

ஒரு துண்டில் எவ்வளவு?

இனி நம் கேக்கிற்கு வருவோம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கேக்கிற்கான பழங்களை 150 மில்லி ரம்மில் ஊறவைப்பதாகக் கொள்வோம். நம் நாட்டு ரம்மில் 42.8 சதவீதம் ஆல்கஹால் உண்டு. ஆக, சேர்ந்த ஆல்கஹால் ஏறத்தாழ 64 மில்லி. இரண்டு மணி நேரம் அடுப்பில் வெந்தபின் பத்தில் ஒரு பங்கு எஞ்சினால், முழுக் கேக்கிலும் ஆறு மில்லிக்குச் சற்று மிகுதியாக இருக்கும். அதை 30 துண்டுகளாக்கினால், துண்டுக்கு 0.2 மில்லி. இது மிகச் சிறிய அளவே.

ஆனால் பலர் அத்துடன் நிறுத்துவதில்லை. வெந்து ஆறிய கேக்கில் ஊசியால் துளையிட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு கரண்டி ரம் ஊற்றுவர். கேக் ‘குடித்து’ மென்மையாகும் என்பர். இவ்வாறு மொத்தம் 90 மில்லி ஊற்றினால், அதிலுள்ள ஆல்கஹால் 38 மில்லிக்கு மேல். அடுப்பின் சூட்டைக் காணாத இதில் 70 சதவீதம் தங்கினாலும் ஏறத்தாழ 27 மில்லி, துண்டுக்கு 0.9 மில்லி. முதலில் ஊற்றிய ரம் அளவில் மிகுதி, எஞ்சியதோ சொற்பம். பின்னர் ஊற்றியது அளவில் குறைவு. எஞ்சியதோ நான்கு மடங்குக்கு மேல். ஆகவே எவ்வளவு ஊற்றினோம் என்பதைக் காட்டிலும், எப்போது ஊற்றினோம் என்பதே முதன்மையானது.

இறைச்சிக் குழம்பிலும் கவனம் தேவை. ஒரு முழுப் புட்டி ஒயின், அதாவது 750 மில்லி ஊற்றிச் சேவலை வேகவைத்தால், 12 சதவீதக் கணக்கில் 90 மில்லி ஆல்கஹால் அதில் சேர்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினால் 18 மில்லி; அறுவர் பகிர்ந்துண்டால் ஆளுக்கு 3 மில்லி. நெடுநேரம் வெந்த குழம்பானாலும், கேக் துண்டைவிட மிகுதி. வேகாத கஸ்டர்டின் கீழே செர்ரி மது தெளித்த கேக்கை அடுக்கும் டிரைஃபிள் போன்ற இனிப்புகளிலும், பிராந்தி கலந்த வெண்ணெய்க் குழைவிலும் ஊற்றியதில் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூறுகிறோம்: 30 மில்லி ரம்மில் ஏறத்தாழ 13 மில்லி ஆல்கஹால் உள்ளது. எனவே ஒரு துண்டு கேக் உண்ட நலமுள்ள மனிதர் எவரும் மயங்கப்போவதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். கேரளத்திலும் இலங்கையிலும் மாவைப் புளிக்கவைக்கக் கள் சேர்ப்பது பழைய வழக்கம். அங்கே கள் செய்வது ஈஸ்டின் வேலை. மாவை உப்பச் செய்வது. நாம் உண்ணும் ரொட்டி மாவிலும் புளிக்கும்போது சிறிது ஆல்கஹால் உண்டாகத்தான் செய்கிறது. அதனால் ரொட்டியை யாரும் மது என்று கூறுவதில்லை. தமிழகத்தில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், இளநீரும் பழஞ்சோறும், அல்லது சிறிது ஈஸ்டும் சேர்த்தே நம் தாய்மார்கள் ஆப்பமாவைப் புளிக்கவைக்கின்றனர். ஆப்பம் குறைவின்றிப் பூப்போல வருகிறது.

யாருக்கு இது சிறு செய்தியன்று?

இவ்வளவு சிறிய அளவாயின், கட்டுரை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். எல்லாருக்கும் சிறியதாக இருப்பது சிலருக்குச் சிறியதாக இருப்பதில்லை என்பதே விடை.

முதலாவது, குடியை விட்டவர். நம் பங்குகளில் இத்தகையோர் இல்லாத தெரு அரிது. ஓராண்டோ ஈராண்டோ ஒவ்வொரு நாளாக எண்ணிப் போராடி நிற்பவர் அவர். அவருக்கு ஆபத்து 0.9 மில்லியின் மயக்கத்தில் இல்லை; நாவிலும் நாசியிலும் இருக்கிறது. பழகிய சுவையும் மணமும் உறங்கிய வேட்கையை எழுப்பிவிடக்கூடும் என்பது குடிநோய் மருத்துவம் நன்கு அறிந்த உண்மை. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத் தொழிலாளியான வணக்கத்துக்குரிய மாட் டால்பட், பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்கு அடிமையானவர். 1884-இல், 28-ஆம் வயதில், முதலில் மூன்று மாதங்களுக்கு மட்டும் மதுவைத் துறப்பதாக வாக்களித்தார். பின்னர் ஆறு மாதங்கள். அதன்பின் வாழ்நாள் முழுவதும். 1925-இல் இறக்கும்வரை அவ்வாக்கைக் காத்தார். வழியில் மதுக்கடையைக் கண்டு மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடப்பது அவர் வழக்கம். வாழ்வை மீட்டுக்கொண்டவர் சிறு கதவுகளைக்கூட எவ்வளவு கவனமாகச் சாத்துகிறார் என்பதற்கு இது சான்று. அக்கதவை நாம் ஒரு கேக் துண்டால் திறந்துவிடலாமா?

இரண்டாவது, டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை உட்கொள்பவர். இம்மருந்தைப் பற்றி டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் 1948-இல் அறிவித்தனர். உடலில் ஆல்கஹால் சிதைவதை இது இடைவழியில் தடுத்துவிடுகிறது. அதனால் நச்சுப்பொருள் ஒன்று இரத்தத்தில் தேங்குகிறது. சிறிதளவு மது சேர்ந்தாலும் முகம் சிவத்தல், தலைவலி, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை ஏற்படலாம்; சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பின் 14 நாட்கள் வரை இவ்விளைவு வரக்கூடும். மது சேர்ந்த குழம்பு, காடி, இருமல் மருந்து ஆகியவற்றைக்கூடத் தவிர்க்குமாறு மருத்துவர் எச்சரிப்பர். கணவரின் குடியை நிறுத்த, அவர் அறியாமலே இம்மாத்திரையை உணவில் கலந்து கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. இது மிகவும் தவறு; அவர் அறியாமல் மாத்திரையும், எவரும் சொல்லாமல் ரம்மும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் விளைவு என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, கருவுற்ற தாய்மார். கருவிலுள்ள குழந்தைக்கு இவ்வளவு மது தீங்கற்றது என்று வரையறுத்துக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதால், முற்றிலும் தவிர்ப்பதே மருத்துவ அறிவுரை. அறியாமல் ஒரு துண்டு உண்டுவிட்டோம் என்று அஞ்ச வேண்டியதில்லை. அறிந்தபின் தவிர்ப்பது எளிது.

நான்காவது, அயலார். விழா நாளில் கேக்கும் பலகாரமும் நிறைந்த தட்டு பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர்க்கும் இஸ்லாமியச் சகோதரர்க்கும் செல்வது நம் தெருக்களின் அழகிய வழக்கம். மதுவைச் சமயக் கட்டளையால் விலக்கியிருக்கும் குடும்பத்திற்கு, சொல்லாமல் ரம் கேக் அனுப்புவது அன்பின் அடையாளமாகுமா? பின்னாளில் உண்மை தெரிந்தால், அடுத்த ஆண்டுத் தட்டை அவர்கள் எந்த மனத்தோடு வாங்குவார்கள்?

புட்டியை வாங்கப் போவது யார்?

கேக்கைப் பற்றிப் பேசுவோர் அதிகம் நினையாத செய்தி ஒன்று உண்டு. ரம் தானாக ஜாடிக்குள் வருவதில்லை. யாரேனும் ஒருவர் மதுக்கடைக்குச் சென்று வாங்கி வர வேண்டும். பெண்கள் அவ்வரிசையில் நிற்கத் தயங்குவதால், கணவரையோ வளர்ந்த மகனையோ அனுப்புகின்றனர். குடியை விட்ட கணவரை அவர் மனைவியே ‘கேக்கிற்குத்தான்’ என்று சொல்லி அக்கடைக்கு அனுப்புவதைவிடக் கொடிய முரண்பாடு வேறு உண்டா? மகனைப் பொறுத்தவரையோ, வாழ்வில் முதன்முறை அக்கடையின் படியேறுவது தாயின் கட்டளையால் நிகழ்கிறது. தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற்கொள்க.

வாங்கிய 180 மில்லிப் புட்டியில் 150 மில்லி ஜாடிக்குப் போனால் மீதி எங்கே இருக்கிறது? மாவு டப்பாவின் பின்னால், அலமாரியின் மூலையில். குடி குடியைக் கெடுத்த வீட்டில் மறைத்து வைத்த புட்டியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆகவே அத்தகைய இல்லத்தில், ‘வேகும்போது எவ்வளவு ஆவியாகும்’ என்ற கேள்வி எழுவதற்கு முன்பே விடை கிடைத்துவிடுகிறது: அந்த வீட்டுக் கேக்கிற்கு ரம் வேண்டாம்.

மாற்று வழிகள்

சுவை குறையாமல் மதுவை விலக்க இயலும். அரைக்கிலோ உலர்பழக் கலவைக்கு 200 மில்லி கறுப்புத் திராட்சைச் சாறும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களின் சாறும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு, சிறிது சுக்கு சேர்த்து இளஞ்சூடாகக் காய்ச்சி, பழங்களின்மேல் ஊற்றி மூடுங்கள். ஆறியபின் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பழங்கள் பருத்து மின்னும். திராட்சைச் சாறு கிடைக்காவிடில், பால் சேர்க்காத கடுந்தேநீரும் நன்றாக உதவும். சர்க்கரையைக் கருகும் தறுவாய்வரை காய்ச்சி வெந்நீர் விட்டு எடுத்த பாகு, கேக்கிற்கு வேண்டிய கருநிறத்தையும் இலேசான கசப்பையும் தரும். ரம் சேர்த்த கேக்கின் ஆழ்ந்த சுவையில் பாதி இப்பாகினுடையதே.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பழச்சாற்றில் ஊறியவற்றை ரம்மில் ஊறியவற்றைப் போல மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கலாகாது. இரண்டு, மூன்று நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். அல்லது தானே நொதித்து, நாம் விலக்க நினைத்ததையே உண்டாக்கிவிடும். இந்தக் கேக்கும் மாதக்கணக்கில் நில்லாது. விழாவுக்கு ஓரிரு நாள் முன்பு செய்து, விழா வாரத்திலேயே பகிர்ந்து முடிப்பது நன்று.

இறைச்சிக்கு ஒயினின் புளிப்பும் இனிப்பும் வேண்டுமாயின், மூன்று பங்கு எலும்புச் சாற்றுடன் ஒரு பங்கு திராட்சைச் சாறு சேர்த்து, இறக்கும்போது சிறிது எலுமிச்சை பிழியலாம். நம்மிடம் புளியும் இருக்கிறது. பருகுவதற்கு, சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்மஸ் காலத்தில் செய்யும் இஞ்சி ஒயின் இருக்கிறது; இஞ்சி, வாசனைப் பொருள்கள், சர்க்கரை, எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சிய இப்பானத்தில் ஒயின் என்பது பெயரளவில்தான். வெளிநாட்டுக் கடைகளில் அதே பெயரில் விற்கும் புட்டி உண்மையான மது என்பதால், அன்பளிப்பாக வந்தால் ஒட்டியுள்ள தாளைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லிப் பரிமாறுவோம்

ரம் சேர்த்த கேக்கைச் செய்வது பாவம் என்று நாம் கூறவில்லை. கானாவூர்த் திருமணத்தில் முதல் அருஞ்செயல் நிகழ்ந்ததே திராட்சை இரசம் தீர்ந்தபோதுதான். அதே வேளையில், தன் உணவாலோ பானத்தாலோ சகோதரன் இடறுவானாயின் அதை விட்டுவிடுவதே மேல் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு அறிவுறுத்தியதும் நம் மறையில்தான் உள்ளது. திருச்சபையும் இதைத் தன் திருப்பலிப் பீடத்திலேயே கடைப்பிடித்துக் காட்டியிருக்கிறது. திராட்சை இரசத்தை அருந்த இயலாத குருவானவர், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலிக்குப் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-ஆம் ஆண்டு ஜூலை 24 நாளிட்ட மடலில் தெளிவுபடுத்தியது. திருப்பீடத்தில் செய்யத்தக்க விட்டுக்கொடுத்தலை நம் உணவு மேசையில் செய்ய இயலாதா?

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. ரம் சேர்த்த கேக்கையும் சேர்க்காத கேக்கையும் வெவ்வேறு தட்டில் வையுங்கள். ‘இதில் ரம் உண்டு, அதில் இல்லை’ என்று வந்தோர் அனைவருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் தனியே அழைத்துக் காதில் சொன்னால், பிறர் பார்வை அவர்மேல் விழும்; அவர் காக்க விரும்பிய மானம் போய்விடும். ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். ‘ஒரு துண்டுதானே! இன்றைக்குக்கூடவா?’ என்று வற்புறுத்துவது நம்மவர் உபசாரத்தின் ஓர் அங்கம், அன்பினால் வருவதுதான். ஆயினும் குடியை விட்ட மனிதர் தம் பழைய நண்பர்களிடமிருந்து கேட்டுக் கேட்டு அஞ்சிய சொற்களும் இவையே. நன்கு வெந்த கேக்கை உண்பதில் தமக்குத் தடையில்லை என்று அவரே கருதலாம், கருதாமலும் இருக்கலாம். அம்முடிவு அவருடையது. அவர் முடிவெடுப்பதற்கு வேண்டிய உண்மையைச் சொல்வது நம் கடமை.

இவ்வாண்டு இரண்டு கேக் செய்ய வசதியில்லாதவர்கள் ஒன்றே செய்யட்டும். அதைத் திராட்சைச் சாற்றில் ஊறவைத்தே செய்யட்டும். பாட்டி முதல் பேரன் வரை, பக்கத்து வீட்டார் முதல் பயணத்தில் வந்த விருந்தினர் வரை, எவரும் கேள்வி கேட்காமலும் விளக்கம் சொல்லாமலும் கை நீட்டி எடுத்து உண்ணத்தக்கது அந்தக் கேக்தான்.